மடிப்புக் கலையாத பெட்டி

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் சேல்ஸ்மேன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்தவரை வெறுங்கையோடு எழுந்திருக்க விடாதவர் என்று பெயரெடுத்தவர் பஞ்சாட்சரம் ஒருவர்தான். அந்தப் பெயரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவரேதான் என்பது வேறு விஷயம். நெசவாளி வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் காலை வைத்தால் முட்டி வலிக்கிறது என்று சொல்லி இருபத்து மூன்று வயதில் புடவை விரித்துக் காட்டும் கடை மெத்தையில் ஏறி உட்கார்ந்தவர், இருபத்தைந்து வருஷமாக இறங்கவில்லை.

அவரிடம் ஒரு விதி உண்டு. பணம் கொடுக்கிறவனைப் பார்க்கக் கூடாது, கட்டப்போகிற பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பிடிக்காத புடவையை அவள் பத்துத் தடவை புரட்டுவாள், விலை கேட்பாள், ஜரிகை எத்தனை என்று விசாரிப்பாள். பிடித்த புடவையை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். அப்போது அவர் குனிந்து, "உனக்கு எது வேணும்மா?" என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிடும்.

இதையெல்லாம் தினமும் ராத்திரி ரசம் சாதம் பிசையும்போது அவர் வீட்டிலும் சொல்லுவார். மனைவி வள்ளிக்கும் மகள் சங்கரிக்கும் மனப்பாடம். நடுவில் அவருக்குப் புரை ஏறினால் மிச்சத்தை வள்ளி சொல்லி முடித்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆவணி மாதம் அவருக்கு ஒரு சீட்டு விழுந்தது. சங்கரி காலேஜில் இரண்டாவது வருஷம் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பாதிப் பேரிடம் லேப்டாப் இருந்தது. பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பஞ்சாட்சரமாகவே முடிவு செய்து, கடைக்கு வார விடுமுறையான புதன்கிழமை, மனைவி மகள் இருவரையும் கூட்டிக்கொண்டு காமராஜர் சாலையில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். சங்கரிக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கத்தான் செய்தது. அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவனை பஞ்சாட்சரம் எடை போட்டார். முப்பது, முப்பத்திரண்டு வயது. நீலச் சட்டை, பாக்கெட்டில் அந்தோணி என்று பெயர் அட்டை. அவன் பார்வை முதலில் அவருடைய செருப்பின் மேல் விழுந்ததை அவர் கவனித்தார். அவரும் கடையில் அதையேதான் செய்வார். ஆளுடைய வசதி செருப்பில் தெரியும்.

"உக்காருங்க சார். கூல்டிரிங்ஸ் சொல்லட்டா?"

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு வந்தது. கலர் குடித்தவன் எழுந்து போகக் கூச்சப்படுவான். கடையில் இந்த வேலைக்கென்றே ஒரு பெட்டி கலர் எப்போதும் ஐஸில் கிடக்கும்.

"வேணாம்பா. தண்ணி போதும்" என்றார். முதல் சுற்றில் ஜெயித்தாகிவிட்டது.

அந்தோணி இரண்டு லேப்டாப்களை மேஜைமேல் வைத்தான். ஒன்று வெள்ளி நிறம், மெலிசு, இருபத்தெட்டாயிரம். இன்னொன்று கருப்பு, நாலு விரல் கூடுதல் அகலம், பின்பக்கம் காற்றுப் போக இரண்டு பெரிய துவாரம், எழுத்துப் பட்டன்களுக்கு அடியில் சிவப்பாக விளக்கு. எழுபத்திரண்டாயிரம். கேமிங் லேப்டாப் என்றான்.

வள்ளி இரண்டையும் ஒவ்வொரு கையால் தூக்கிப் பார்த்தாள். பட்டுப் புடவையை எடை பார்த்தே வளர்ந்தவளுக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்.

"கருப்புதான் கனமா இருக்குது. வெள்ளில சரக்கு கம்மிபா" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் பஞ்சாட்சரம்.

இந்த இடத்தில் சங்கரி ஒன்று செய்தாள். கருப்பு லேப்டாப்பின் ஓரத்தை ஒரே ஒரு விரலால் தொட்டாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும், பை இலவசமா என்றெல்லாம் விசாரித்தாள். பஞ்சாட்சரம் அதைப் பார்க்கவில்லை. அவர் அந்தோணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எதை எப்போது முன்னால் தள்ளுகிறான், எதைப் பின்னால் இழுக்கிறான் என்பதில்தான் அவருடைய கண் இரண்டும் இருந்தது.

அந்தோணி வெள்ளியை முன்னால் தள்ளினான்.

"சார், டைப்பிங், நெட்டு, படம் பாக்கறது, இவ்ளோதான்னா இதுவே போதும். வீணா பெருசுக்குப் போவாதீங்க. கேம் செய்யறது, பொம்மை வரையறது, அந்த மாதிரி வேலைன்னா மட்டும்தான் கருப்பு தேவைப்படும். அதுக்கு இது தாங்காது, நின்னு நின்னு போவும்."

பஞ்சாட்சரத்துக்கு உள்ளுக்குள் கைதட்டத் தோன்றியது. பெரிய சரக்கை விற்க வேண்டும் என்றால் முதலில் 'இது உங்களுக்கு வேணாம்' என்று சொல்ல வேண்டும். வந்தவன் உடனே நம்பிவிடுவான், நம்பினவன் தானாக மேலே ஏறுவான். இதைக் கண்டுபிடித்ததே தாம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காமராஜர் சாலை வரைக்கும் வந்துவிட்டதா என்று ஒரு பக்கம் ஆச்சரியம், ஒரு பக்கம் பெருமை.

"என் பொண்ணு படிக்கிற பொண்ணுபா. கேம் ஆடற பொண்ணு இல்ல. டைப்பிங்தான்" என்றார்.

அந்தோணி அவரைத் தாண்டி சங்கரியைப் பார்த்தான். "பாப்பா, உங்களுக்கு இன்னா வேலைக்கு வேணும்?"

சங்கரி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் தாயக்கட்டையில் பன்னிரண்டு விழுந்தவனுடைய சந்தோஷம் இருந்தது.

"இதே போதும்ணா" என்றாள், வெள்ளியைக் காட்டி.

பில் போட்டார்கள். அந்தோணி அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டி, "இந்த சீல் பிரிக்காம இருந்தா மூணு நாளைக்குள்ள மாத்திக்கலாம் சார். வெள்ளிக்கிழம எட்டு மணி வரைக்கும். பிரிச்சிட்டா முடியாது" என்றான்.

"தெரியும்பா. எங்க கடையிலயும் அப்பிடித்தான். மடிப்புக் கலையாம இருந்தா மாத்திக் குடுப்போம், கலைஞ்சிட்டா கடவுளே வந்தாலும் கெடையாது" என்று சொல்லிவிட்டு பஞ்சாட்சரம் வெளியே வந்தார். வழியில் மூன்று பேரும் பாதாம்பால் குடித்தார்கள். அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

வியாழக்கிழமை முழுக்கக் கடையில் அதே பேச்சு. பக்கத்து மெத்தையில் உட்காரும் கோதண்டபாணியிடம் அந்தோணியின் ஒவ்வொரு வித்தையையும் நடித்துக் காட்டினார். "வேணாம்னு சொல்லிப் பாக்கறான் கோதண்டம். என்கிட்டயே."

"உன்கிட்டயேவா?" என்றார் கோதண்டபாணி. அவருக்கு அது நான்காவது தடவை. ஆனாலும் வியப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். இருபது வருஷ சிநேகிதத்துக்கு இந்த அளவு செய்யத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆவணி முகூர்த்தக் கூட்டம். மத்தியானம் மூன்று மணிக்குத் தென்னேரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து பஞ்சாட்சரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். பெரியம்மா, சித்தி, அத்தை என்று பதினான்கு பேர். நடுவில் கல்யாணப் பெண். ஒரு ஓரமாக அவளுடைய அப்பா, மடியில் மஞ்சள் பை. மனிதர் கலரும் வேண்டாம் என்றார், காப்பியும் வேண்டாம் என்றார். பஞ்சாட்சரத்தின் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அவர் கண்ணும் போனது.

பஞ்சாட்சரம் வழக்கம் போல இருபது புடவை விரித்தார். பெண் அரக்கு நிறத்தை எடுத்தாள், பச்சையை எடுத்தாள், புரட்டினாள், விலை கேட்டாள். மயில் கழுத்து நிறத்தில் கோர்வைக் கரை போட்ட ஒன்று இருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே இணைத்து நெய்தது. அதன் முந்தியை ஒரு தடவை தொட்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் பார்த்துவிட்டார். உண்மையில் அது அரக்கைவிட ஆயிரத்து ஐநூறுதான் கூடுதல். கல்யாணத்துக்கு எடுக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"இன்னாங்க, பொண்ணுக்கு அந்த மயில் கழுத்து புடிச்சிருக்குது" என்றார் பெண்ணின் அப்பாவிடம்.

அந்த மனிதர் சிரித்தார். எதிராளியின் சீட்டு மொத்தமும் தெரிந்தவனுடைய சிரிப்பு.

"யோவ், இந்த வித்தையெல்லாம் நம்மகிட்ட வேணாம். அரக்கு போடு, பில்ல எழுது."

"வித்தை இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன். நீங்களே பொண்ண ஒரு வார்த்தை..."

"ஏம்மா, உனக்கு எது?" என்றார் அவர், பெண்ணின் பக்கம் திரும்பாமலே.

பெண் விரிப்பைப் பார்த்துக்கொண்டு, "இதே போதும்பா" என்றாள்.

பஞ்சாட்சரம் அரக்குப் புடவையை மடிக்க ஆரம்பித்தார். என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறானே, இந்த முட்டாள் ஒரு தடவை தலையைத் திருப்பி மகளைப் பார்த்தால் என்ன என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. திட்டி முடிப்பதற்குள் கை நின்றுவிட்டது. இதே போதும். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

புதன்கிழமை அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தோணியின் சட்டையில் எத்தனை பட்டன் என்பது கூட ஞாபகத்தில் இருந்தது. சங்கரி என்ன நிற சுடிதார் போட்டிருந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் முகம் பார்த்து உனக்கு எது வேணும்மா என்று இருபத்தைந்து வருஷம் கேட்டவர், தம் பெண்ணை ஒரு தடவை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மஞ்சள் பைக்காரர் மேல் இருந்த கோபமெல்லாம் தம் மேலேயே திரும்பியது.

புடவையைப் பெட்டியில் வைத்துக் கல்யாணப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார். "மடிப்புக் கலைக்காம வெச்சிரும்மா. மூணு நாளைக்குள்ள வந்தா மாத்திக்கலாம். அந்த மயில் கழுத்த நான் உள்ள எடுத்து வெக்கிறேன்" என்றார். பெண் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோதண்டம், என் மெத்தைய பாத்துக்க."

"முகூர்த்த நாளுபா. எங்க போற?"

"ஊட்டுக்கு."

கல்லாவில் இருந்த முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முகூர்த்தக் கூட்டத்தில் பஞ்சாட்சரம் மெத்தையை விட்டு இறங்கி அவர் பார்த்ததே இல்லை. பஞ்சாட்சரம் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியை மிதித்துக் கிளப்பினார்.

செவிலிமேட்டு வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. ஹாலில் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. வள்ளி அதற்கு நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு கிள்ளு கதம்பமும் வைத்திருந்தாள். டேப் அப்படியே இருந்தது.

சங்கரி தரையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நோட்டை மூடினாள்.

"இன்னாப்பா, இந்நேரத்துக்கு?"

"பெட்டிய ஏன் இன்னும் பிரிக்கல?"

"நல்ல நாள் பாத்துப் பிரிக்கலாம்னு அம்மா சொன்னுச்சு."

"நான் எங்க சொன்னேன்?" என்று உள்ளேயிருந்து வள்ளியின் குரல் வந்தது. "பொட்டு வெச்ச அன்னிக்கே பிரிடின்னு தலைபாடா அடிச்சிக்கினேன். இவதான் தொடக்கூடாதுன்னுட்டா."

சங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். பஞ்சாட்சரம் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடையில் பெண்களுக்கு முன்னால் உட்காருவது போலவே உட்கார்ந்தார். ஆனால் விரித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

"ஏம்மா பிரிக்கல?"

"மடிப்புக் கலையலன்னா மாத்திக்கலாம்னு நீதானப்பா சொல்லுவ" என்றாள். "இன்னிக்கி எட்டு மணி வரைக்கும் இருக்குதுல்ல. அதுக்குள்ள நீ கேட்டாலும் கேப்பன்னு நெனச்சேன். கேக்கலன்னா எட்டு மணிக்கு மேல பிரிச்சிடலாம்னு இருந்தேன்."

மூன்று நாளாக இந்தப் பெண் அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறாள். அவர் அந்த நேரமெல்லாம் கோதண்டபாணிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உனக்கு எது வேணும்மா?" என்றார்.

அவள் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் சிநேகிதி ஸ்ரீவல்லி வீட்டில் அவளுடைய அண்ணன் வைபவ்வின் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு வருஷமாக அவள் ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். விளையாடுவது இல்லை, செய்வது. முக்கால்வாசி முடிந்த சமயத்தில் வைபவ்வுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, போகும்போது கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சென்னையில் கேம் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. மாசக் கடைசிக்குள் செய்து முடித்ததை அனுப்பினால், பிடித்திருந்தால், லீவு நாட்களில் வேலை கற்றுக்கொள்ள எடுத்துக்கொள்வார்கள். வெள்ளியில் அந்த கேம் திறக்கக்கூடத் திறக்காது. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

பஞ்சாட்சரத்துக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

"இத அன்னிக்கே கடையில சொல்றதுக்கு இன்னாமா? அந்தாளு உன்னக் கேட்டான் இல்ல?"

சங்கரி மூடின நோட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நீ அந்தக் கடைக்காரர ஜெயிச்சுக்கினு இருந்தப்பா" என்றாள். "அவ்ளோ சந்தோஷமா இருந்த. நடுவுல பேச மனசு வரல."

வள்ளி சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். பஞ்சாட்சரம் எழுந்தார். பீரோவில் இருந்த சீட்டுப் பணத்தில் மிச்சத்தை எடுத்தார். அதில் வள்ளிக்கு வாஷிங் மெஷின் வாங்குவதாக இருந்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க. எனக்குக் கை இருக்குது" என்றாள் வள்ளி. பிறகு, "நான் அன்னிக்கே சொன்னேன், கருப்புதான் கனம்னு" என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அதைச் சொல்லாமல் விட அவள் என்ன சாமியாரா.

ஏழு மணிக்குக் காமராஜர் சாலைக் கடையில் பெட்டியை மேஜைமேல் வைத்தார்கள். அந்தோணி டேப்பைத் தடவிப் பார்த்தான். குங்குமம் விரலில் ஒட்டியது.

"சார், பொட்டு வெச்சா சீல் பிரிச்சதாதான் கணக்கு" என்றான். பஞ்சாட்சரத்தின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் சார். மாத்திக்கலாம்" என்று சிரித்தான்.

"நீ அன்னிக்கி நெசமாத்தான் சொன்னியா? வெள்ளியே போதும்னு?"

"ஆமா சார். டைப்பிங்னா அது போதும்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லபா" என்றார் பஞ்சாட்சரம். "ஒரு கூல்டிரிங்ஸ் சொல்லு."

அந்தோணி மாதிரிக்கு வைத்திருந்த கருப்பு லேப்டாப்பைத் திறந்தான். பட்டன்களுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சங்கரி பையிலிருந்து, தன் கேமை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவை எடுத்துச் சொருகி, அந்தோணியிடம் ஏதோ நான்கைந்து கேள்வி கேட்டாள். அந்தோணி சரிக்குச் சரி பதில் சொன்னான். பஞ்சாட்சரம் இந்தத் தடவை அவன் கையைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். பேசும்போது அவளுக்குப் புருவம் இரண்டும் மேலே ஏறுகிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

திரையில் காந்தி ரோடு வந்தது. ஒரு வேன் வந்து நின்றது, கடைக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர்கள் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தார்கள். வேனிலிருந்து இறங்கின குடும்பம் ஒரு கடைக்குள் நுழைந்தது. உள்ளே வெள்ளை விரிப்பில் ஒரு ஆள் உட்கார்ந்து புடவைக்கு மேல் புடவையாக விரித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் பட்டை விபூதி, காதில் பேனா, கொஞ்சம் தொந்தி.

பஞ்சாட்சரம் தம் காதைத் தொட்டுப் பார்த்தார். பேனா இருந்தது.

"நானா அது?"

"ஆமாம்பா. நீதான் கடைசி வில்லன். உன் முன்னால உக்காந்தா எந்திரிக்கவே முடியாது. நேரம் முடிஞ்சி ஆள் அவுட்டு."

அந்தோணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நீங்க ஒரு தடவ ஆடிப் பாருங்க சார்" என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினான்.

பஞ்சாட்சரம் ஆடினார். திரையில் இருந்த ஆளின் கை வலப்பக்கம் போனபோது அம்பை அங்கே கொண்டுபோனார், இடப்பக்கம் போனபோது இங்கே கொண்டுவந்தார். புடவைகள் குவிந்துகொண்டே வந்தன. நேரம் முடிந்தது. மறுபடி ஆடினார். மறுபடி தோற்றார். ஊரில் யாரும் எழுந்திருக்க முடியாத மெத்தையிலிருந்து அவராலும் எழுந்திருக்க முடியவில்லை.

"எப்பிடிதாம்மா இவன்கிட்டேர்ந்து தப்பிக்கறது?"

"அவர் கையப் பாக்காதப்பா" என்றாள் சங்கரி. "நீதானே தெனம் சொல்லுவ."

அவர் அம்பை நகர்த்தினார். விரிப்புக்கு இந்தப் பக்கம், வேனில் வந்த குடும்பத்துக்கு நடுவில், ஒரு பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் அமுக்கினார். திரையில் இருந்த பஞ்சாட்சரம் விரிப்பதை நிறுத்தி, குனிந்து, அவளிடம் என்னவோ கேட்டார். எழுத்து சின்னதாக இருந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தேவைப்படவில்லை.

மேஜைமேல் கூல்டிரிங்ஸ் வந்தது. அவர் அதை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"கருப்பே போடுப்பா" என்றார் அந்தோணியிடம்.